கம்ப்யூட்டர் எழுதும் குறிப்பேடு: எச்சரிக்கை வரிகளை வணிகர் படிப்பது எப்படி?



குறிப்பேடு எழுதும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அன்றன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைத்து, பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பேரேட்டில் பிரித்து ஏற்றுவது நம் முன்னோர் காட்டிய முறை. பில் போடுவதற்காக நாம் வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டரும் தன் வேலையைப் பற்றி இப்படி ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டே இருக்கிறது. எத்தனை மணிக்கு எழுந்தது, எப்போது மின்சாரம் அறுந்தது, எந்த உறுப்பு சொன்ன வேலையைச் செய்யத் தடுமாறியது என்பதெல்லாம் நாள், மணி, நிமிடம், நொடியோடு அதில் பதிவாகின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. முதற்கொண்டே இந்த ஏற்பாடு உண்டு. இன்றைய விண்டோஸ் 11 வரை பெயரும் மாறவில்லை: ஈவென்ட் வியூவர்.

நம் உறுப்பினர்களில் இதைத் திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. திறந்து பார்த்த சிலரும் மஞ்சள் முக்கோணமும் சிவப்பு வட்டமுமாக நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்டு பயந்து மூடிவிட்டதாகச் சொல்கிறார்கள். பார்க்காமல் இருப்பதிலும் நட்டம் உண்டு, பார்த்துப் பயப்படுவதிலும் நட்டம் உண்டு. சரக்கு மாதிரி பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஏட்டைப் பார்ப்பது பெரிய வித்தையல்ல. கல் எது, தூசி எது, வண்டு விழுந்த பருப்பு எது என்று கையில் எடுத்ததும் சொல்கிறோமே, அதே பழக்கம்தான் இங்கேயும் வேண்டும்.

முதலில் திறக்கும் முறை. விசைப்பலகையில் விண்டோஸ் படம் போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டே ஆர் என்ற எழுத்தைத் தட்டினால் சிறு கட்டம் ஒன்று வரும். அதில் இ, வி, இ, என், டி, வி, டபிள்யூ, ஆர் என்ற எட்டு எழுத்துகளையும் இடைவெளியில்லாமல் அடித்து என்டர் தட்டவும். இடது பக்கம் விண்டோஸ் லாக்ஸ் என்று ஒரு தலைப்பு இருக்கும். அதை விரித்தால் அப்ளிகேஷன், செக்யூரிட்டி, செட்டப், சிஸ்டம், ஃபார்வர்டட் ஈவென்ட்ஸ் என ஐந்து ஏடுகள் இருக்கும். வணிகருக்கு முக்கியமானது சிஸ்டம் என்ற ஏடு. மெஷினின் உடல்நிலை அதில்தான் இருக்கிறது. அப்ளிகேஷன் என்பது மென்பொருள்கள் எழுதுவது. செக்யூரிட்டி என்பது யார் உள்ளே வந்தார், யார் தவறான கடவுச்சொல் போட்டார் என்பதைக் காட்டுவது. மற்ற இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஒவ்வொரு வரியிலும் நாம் பார்க்க வேண்டியவை நான்கு. எந்தத் தரம், எந்த நேரம், எழுதியவர் யார், நிகழ்ச்சி எண் என்ன. தரம் என்பது இன்ஃபர்மேஷன், வார்னிங், எரர், கிரிட்டிகல் என்று ஏறிக்கொண்டே போகும். எழுதியவர் என்பதை சோர்ஸ் என்ற பத்தியிலும், எண்ணை ஈவென்ட் ஐடி என்ற பத்தியிலும் காணலாம். இவற்றில் எல்லோர் கண்ணும் போவது முதலாவதின் மேல்தான். சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. சிவப்பில் பாதி வெறும் முணுமுணுப்பு. மஞ்சளில் ஒன்றிரண்டு நம் கடையையே நிறுத்தக் கூடியவை. எழுதியவர் பெயரும் எண்ணும்தான் சரக்கின் மாதிரி. வண்ணம் வெறும் சாக்குப்பைதான்.

முதலில் தூசியைப் புடைத்துத் தள்ளிவிடுவோம். டிஸ்ட்ரிப்யூட்டட்காம் என்ற பெயரில் 10016 என்ற எண்ணோடு ஒரு எச்சரிக்கை அநேகமாக எல்லா மெஷினிலும் நாள்தோறும் வரும். விண்டோஸின் ஒரு பகுதி இன்னொரு பகுதியிடம் அனுமதி கேட்டு, கிடைக்காமல், வேறு வழியில் வேலையை முடித்துக்கொள்வதுதான் விஷயம். இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் விளக்கக் குறிப்பில் சொல்லியிருக்கிறது. சில சர்வீஸ் கடைக்காரர்கள் இதைச் சரிசெய்கிறேன் என்று ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து, அதற்கு ஒரு கட்டணமும் வாங்குகிறார்கள். இல்லாத நோய்க்குச் செலவழிப்பதோடு, அந்தக் கை தவறினால் இருக்கிற ஆரோக்கியமும் போகும்.

அடுத்து, டிஎன்எஸ் கிளையன்ட் எழுதும் 1014. இணையத்தில் ஒரு முகவரியைத் தேடிப் பதில் வராமல் போனால் எழுதப்படுவது. இணைய இணைப்பு சிறிது நேரம் நின்று வந்தால் இந்த வரி நாலைந்து விழும். இணைப்பு அடிக்கடி அறுகிறது என்று இணையம் தருபவரிடம் முறையிடும்போது மட்டும் இது உதவும். "நேற்று 11 மணி 12 நிமிடத்திலும், மதியம் 2 மணி 40 நிமிடத்திலும் நின்றது" என்று நேரத்தோடு சொன்னால், "அப்படியெல்லாம் இல்லையே சார்" என்ற வழக்கமான பதிலைச் சொல்ல அவர்கள் சற்றே யோசிப்பார்கள்.

இனி உண்மையான விஷயத்துக்கு வருவோம்.

நம் கணக்கு முழுவதும் இன்று ஒரு டிஸ்க்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. யார் யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும், கிட்டங்கியில் என்ன இருப்பு என்பதெல்லாம் அதற்குள்தான். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்கை அந்த ஆண்டுக்கான ஆண்டு விவரத்தாள் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு ஏதும் நிலுவையில் இருந்தால் இன்னும் அதிக காலம். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர், விபத்தாலோ இயற்கைக் காரணங்களாலோ கணக்கு அழிந்தாலும் திரும்ப எடுக்கும்படி முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று 57-ஆம் விதி தனியாகச் சொல்கிறது. "டிஸ்க் போய்விட்டது ஐயா" என்பது அதிகாரியிடம் சொல்லும் பதிலாகாது. பாக்கிக்காரரிடம் சொல்லவே கூடாத பதிலும் அதுதான்.

டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் சாகிறது. நாம்தான் கேட்பதில்லை. சிஸ்டம் ஏட்டில் சோர்ஸ் பத்தியில் டிஸ்க் என்ற பெயரைக் கண்டால் உடனே நிதானித்துப் படியுங்கள்.

எண் 153 என்பது ஒரு மஞ்சள் எச்சரிக்கை. டிஸ்க்கின் ஓர் இடத்தில் எழுதவோ படிக்கவோ போன வேலை முதல் தடவை நடக்காமல் மறுபடி முயலப்பட்டது என்பது இதன் பொருள். மறுபடி முயன்றபோது பெரும்பாலும் வேலை நடந்துவிடும். ஆகவே திரையில் ஒன்றும் தெரியாது. பில் சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவுதான். மூட்டை தூக்குகிறவர் ஒரு மூட்டையைத் தூக்கப் போய், முடியாமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்று வையுங்கள். மூட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர் உடம்புக்கு ஏதோ இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள் இது நடந்தால் கவனித்து வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் பத்துத் தடவை, மறுநாள் இருபது தடவை என்று ஏறினால் அன்றைக்கே வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

எண் 51 என்பதும் எச்சரிக்கைதான். டிஸ்க்குக்கும் நினைவகத்துக்கும் இடையில் தகவல் போய் வரும்போது பிழை கண்டது என்று சொல்வது. எண் 7 சிவப்பு. டிஸ்க்கில் பழுதான பகுதி ஒன்று இருக்கிறது என்று நேராகவே சொல்லும். ஸ்டோர்ஏஹெச்சிஐ என்ற பெயரில் வரும் 129, டிஸ்க் குறித்த நேரத்தில் பதில் சொல்லாததால் அதை அதட்டி மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது என்று காட்டும். என்.டி.எஃப்.எஸ். என்ற பெயரில் 55 வந்தால், கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் முறையே சிதைந்திருக்கிறது என்று பொருள்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது 52. டிஸ்க் தன்னைத் தானே சோதித்துப் பார்த்து, தான் விரைவில் பழுதாகப் போவதாகச் சொல்லிவிட்டது, உடனே தகவல்களை வேறிடத்தில் நகல் எடுத்துக்கொண்டு டிஸ்க்கை மாற்றுங்கள் என்பதே அந்த வரியின் செய்தி. இவ்வளவு பெரிய செய்திக்கு விண்டோஸ் கொடுத்திருப்பது வெறும் மஞ்சள் முக்கோணம். முணுமுணுக்கிற வரிக்கெல்லாம் சிவப்பு கொடுத்துவிட்டு இதற்கு மஞ்சள் கொடுத்தவர்களை என்ன சொல்வது! வண்ணத்தை நம்பாதீர்கள் என்று முன்னே எழுதியது இதனால்தான்.

இந்த வரிகளில் எந்த டிஸ்க் என்பதையும் பார்க்க வேண்டும். விவரத்தில் ஹார்டுடிஸ்க் என்ற சொல்லை ஒட்டி 0, 1, 2 என்று ஓர் எண் இருக்கும். 153-ல் வெறுமனே டிஸ்க் 0 என்று இருக்கும். பெரும்பாலான கடை மெஷின்களில் 0 என்பது உள்ளே இருக்கும் டிஸ்க். 1 அல்லது 2 என்றிருந்தால் பையன் செருகிய பென் டிரைவாக இருக்கலாம். அதை முறைப்படி எடுக்காமல் வெடுக்கென்று பிடுங்கினாலும் 51 விழும். சில சமயம் 157 என்ற எண்ணில், டிஸ்க் திடீரென்று பிடுங்கப்பட்டது என்றே எழுதும். சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் திறந்தால் எந்த எண் எந்த டிஸ்க் என்று படத்தோடு தெரிந்துவிடும்.

சரி, 0 என்ற டிஸ்க்கைப் பற்றியே எச்சரிக்கை வருகிறது. என்ன செய்வது? இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் நகல். கணக்கு மென்பொருளை மூடிவிட்டு, அதன் டேட்டா ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க் ஒன்றில் எடுங்கள். இரண்டாவது, அந்த நகலை வேறொரு மெஷினில் திறந்து பாருங்கள். கடைசி பில் எண், மூன்று பெரிய பாக்கிக்காரர்களின் இருப்பு, இவை சரியாக இருக்கின்றனவா என்று ஒத்துப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப் அல்ல. அதன் பிறகுதான் பழுது பார்ப்பது.

நடைமுறையில் நடப்பது தலைகீழ். சர்வீஸ் ஆள் வந்தவுடன் செக் டிஸ்க் என்ற சோதனையை ஓட விடுகிறார். அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் துருவிப் படிக்கும். நலமாக இருக்கும் டிஸ்க்குக்கு அது நல்லதே. இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அந்தச் சில மணி நேர ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம். மேலும் சிதைந்த இடத்தில் ஒட்டாத கோப்புகளை அது வெட்டியும் விடும். அந்தக் கோப்பு நம் பேரேடாகவும் இருக்கலாம். ஆகவே சர்வீஸ் ஆள் எவ்வளவு அவசரப்பட்டாலும், "தம்பி, முதல்ல காப்பி எடுத்துக் காட்டு, அப்புறம் நீ என்ன வேணும்னாலும் ஓட்டு" என்று சொல்லிவிடுங்கள்.

நகல் கையில் வந்த பிறகு டிஸ்க்கை மாற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் கேபிள் தளர்ந்திருந்தாலும் 153, 129 வரும். டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் என்ற சோதனைக் கணக்கைப் படிக்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் 5, 197 ஆகிய எண்களுக்கு எதிரே பூஜ்யம் இல்லாமல் கணக்கு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் உடம்பே கெடுகிறது. அவை பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறினால் கேபிளைச் சந்தேகிக்கலாம். புது கேபிளின் விலை சொற்பம். டிஸ்க்கின் விலை அப்படியல்ல. எண் 52 வந்த டிஸ்க்கில் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் எண்ணெய் மொத்த வணிகரின் கடையில் பில் வரத் தாமதமாகிறது என்று மூன்று வாரம் புலம்பிக்கொண்டிருந்தார்கள். சர்வீஸ் செய்தவர் ரேம் போதவில்லை என்று சொல்லிப் புது ரேம் போட்டார். நாலு நாள் கழித்து மெஷின் எழவேயில்லை. பழைய டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டி எடுக்க முடிந்ததை எடுத்தபோது, அதில் இந்த ஏடும் கிடைத்தது. 153 முதன்முதலில் விழுந்தது தாமதம் தொடங்கிய அதே நாள். அதன் பிறகு நாள்தோறும் ஏறிக்கொண்டே போயிருந்தது. கணக்கின் பேக்கப்பை டி டிரைவில் நாள் தவறாமல் எடுத்திருந்தார்கள். ஆனால் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். வீடு எரியும்போது எந்த அறையில் வைத்திருந்தால் என்ன? ஐந்து வாரத்து பில்களைக் கார்பன் நகலைப் பார்த்து இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். நகல் இல்லாத ரசீதுகளுக்கு எதிர்த்தரப்பு சொன்னதே கணக்காயிற்று.

எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வேகமானது, அதிர்ச்சியைத் தாங்கும், எல்லாம் சரி. ஆனால் பழைய ஹார்டு டிஸ்க் போலக் கடகடவென்று சத்தம் போட்டு நம்மை எச்சரிக்காது. பல சமயம் ஒரேயடியாக நின்றுபோகும். ஆகவே அவர்களுக்கு பேக்கப் இன்னும் அவசியம். பேக்கப் எடுத்த வெளி டிஸ்க்கை மெஷினிலேயே செருகி வைக்கவும் கூடாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் செருகி இருக்கும் பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிடும்.

அடுத்தது மின்சாரம். கெர்னல் பவர் என்ற பெயரில் 41 என்ற எண், கிரிட்டிகல் என்ற உச்சத் தரத்தோடு வரும். முறைப்படி மூடப்படாமல் மெஷின் மறுபடி எழுந்திருக்கிறது என்பதே இதன் பொருள். கூடவே ஈவென்ட் லாக் என்ற பெயரில் 6008 வந்து, முந்தைய முறை எந்த நாள் எந்த நேரத்தில் எதிர்பாராமல் நின்றது என்று சொல்லும். மின்சாரம் போனதா, மெஷினே செத்து விழுந்ததா என்று தெரிய வேண்டுமானால் 41-ஐத் திறந்து டீடெயில்ஸ் பக்கத்தில் பக்செக் கோட் என்ற வரியைப் பாருங்கள். அது 0 ஆக இருந்தால் பெரும்பாலும் மின்சாரம், யூ.பி.எஸ்., அல்லது மெஷினுக்குள் இருக்கும் பவர் சப்ளை. வேறு எண் இருந்தால் விண்டோஸ் நிலைகுலைந்து நின்றிருக்கிறது. அந்த எண்ணை சர்வீஸ் ஆளிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நேரத்தைப் பார்ப்பது இங்கே மிகவும் பயன்படும். எங்கள் கடையில் பில் போடும் மெஷினில் வாரத்துக்கு இரண்டு மூன்று 6008 வந்துகொண்டிருந்தது. எல்லாம் இரவு 9 மணி 10 நிமிடத்தை ஒட்டியே. கடை அடைக்கும் நேரம். பில் போடும் தம்பியைக் கேட்டால், "ஷட்டவுன் கொடுத்துட்டுத்தான் போறேன் அண்ணாச்சி, சத்தியமா" என்றான். ஏட்டைப் பார்த்தால் அவன் சொன்னதும் உண்மை. யூசர்32 என்ற பெயரில் 1074 என்ற எண்ணில், இன்ன நேரத்தில் மெஷினை மூடச் சொன்னார்கள் என்ற பதிவு இருந்தது. பிறகு விசாரித்ததில், மூடச் சொன்ன கையோடு, விண்டோஸ் தன் அப்டேட்டை முடித்துத் திரை அணைவதற்குள், கதவை இழுத்து மூடும் அவசரத்தில் இன்னொருவர் மெயின் சுவிட்சை இறக்கி, யூ.பி.எஸ். பொத்தானையும் அமுக்கிவிட்டுப் போகிறார் என்று தெரிந்தது. மெயினுக்குப் பக்கத்தில் "திரை அணைந்த பின்" என்று ஒரு அட்டை எழுதி ஒட்டினோம். அதன்பின் அந்த வரி நின்றுவிட்டது. எல்லார் கடையிலும் இதுவே காரணம் என்று சொல்ல வரவில்லை. மதியம் மின்சாரம் போகும் நேரங்களிலெல்லாம் 41 வருகிறதென்றால், யூ.பி.எஸ். இருந்தும் இல்லாத மாதிரிதான். அதன் பேட்டரி தீர்ந்திருக்கும். அல்லது லேசர் பிரின்டரையும் அதே யூ.பி.எஸ்.ஸில் மாட்டியிருப்பார்கள். லேசர் பிரின்டர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூ.பி.எஸ். தாங்காது.

கடிகாரத்தையும் விட்டுவிடக் கூடாது. டைம் சர்வீஸ் என்ற பெயரில் 134 என்ற எச்சரிக்கை எப்போதாவது வந்தால், இணையத்தில் நேரம் கேட்டுப் பதில் கிடைக்கவில்லை என்று பொருள், பரவாயில்லை. ஆனால் காலையில் மெஷினைப் போட்டவுடன் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதென்றால், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். இதைக் கவனிக்காவிட்டால் பில்லில் தேதி தவறும். ஜி.எஸ்.டி. தளமும் வங்கித் தளமும் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். இணையதளங்களின் சான்றிதழ் தேதியை நம் மெஷின் தன் கடிகாரத்தோடுதான் ஒப்பிடுகிறது. தளம் திறக்கவில்லை என்று அரை நாள் இணையக் கம்பெனிக்குப் போன் செய்துகொண்டிருப்பார்கள். கோளாறு அந்தச் சிறு பேட்டரியில் இருக்கும்.

இதே கடிகார விஷயத்தில், எச்சரிக்கையே அல்லாத ஒரு வரி எச்சரிக்கையைவிடப் பெரிது. கெர்னல் ஜெனரல் என்ற பெயரில் எண் 1, வெறும் இன்ஃபர்மேஷன் தரத்தில் வரும். மெஷினின் நேரம் இன்னதிலிருந்து இன்னதாக மாற்றப்பட்டது என்று எழுதும். நொடிக் கணக்கில் மாறியிருந்தால் இணையத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டது. நேற்றைய தேதிக்குப் போய், ஐந்து நிமிடம் கழித்து இன்றைய தேதிக்குத் திரும்பியிருந்தால்? யாரோ முன்தேதியிட்டு ஒரு வேலை செய்திருக்கிறார்கள். செய்தவர் நல்ல எண்ணத்தோடும் செய்திருக்கலாம். முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது போலவே சிஸ்டம் ஏட்டில் 104, செக்யூரிட்டி ஏட்டில் 1102 என்ற எண்கள், அந்தந்த ஏடு முழுவதும் அழிக்கப்பட்டது என்பதையே பதிவு செய்பவை. குறிப்பேட்டுப் பக்கங்களைக் கிழித்தவர் கிழித்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற மாதிரி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெர்னல் ப்ராசஸர் பவர் 37 என்றால் மெஷின் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறது. மிளகாய் வற்றல், மாவு, சிமென்ட் வியாபாரம் செய்பவர்கள் உள்ளே விசிறியில் அடைந்திருக்கும் தூசியை முதலில் பார்க்கவும். ரிசோர்ஸ் எக்ஸாஷன் டிடெக்டர் 2004 என்றால் நினைவகம் போதவில்லை. எந்த மென்பொருள் அதிகம் தின்றது என்பதும் அதிலேயே இருக்கும். ரேம் வாங்கச் சொல்பவரிடம் இந்த வரி இருக்கிறதா என்று கேட்கலாம்.

இனி, இந்த ஏட்டை வைத்தே நம்மைக் கொள்ளையடிக்கும் கூட்டத்தைப் பற்றி. "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பதாக எங்களுக்குத் தெரிகிறது" என்று போன் வரும். நம்பாமல் தயங்கினால், "நீங்களே பாருங்கள்" என்று ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள். மஞ்சளும் சிவப்புமாக நூறு வரிகள் இருக்குமல்லவா? அதைக் காட்டி, இத்தனை பழுது என்று பயமுறுத்தி, தொலைவிலிருந்து மெஷினை இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். அதைப் போட்டால் கல்லாப்பெட்டியின் சாவியைக் கொடுத்த மாதிரி. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் இப்படிப்பட்ட ஆறு கூட்டங்களின் மேல் நடவடிக்கை எடுத்ததாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை நம் நாட்டிலிருந்து இயங்கியவை என்பது நமக்குப் பெருமையல்ல. எந்த மெஷினிலும் எச்சரிக்கை வரி இருக்கும். புது மெஷினிலும் இருக்கும். அவர்கள் நம்பியிருப்பது நமக்கு இது தெரியாது என்பதை மட்டுமே. மைக்ரோசாஃப்ட் தானாக யாரையும் போனில் கூப்பிட்டுப் பழுது சொல்வதில்லை. யாராவது பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்குக் கை மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழியுண்டு. கடையில் போன் எடுக்கும் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

மாதம் ஒரு முறை, சரக்கு இருப்பு எடுக்கும் நாளிலேயே இதையும் பார்த்துவிடலாம். சிஸ்டம் ஏட்டின் வலது பக்கம் ஃபில்டர் கரன்ட் லாக் என்று இருக்கும். அதில் எண்களுக்கான கட்டத்தில் 7, 41, 51, 52, 55, 129, 153, 6008 என்று காற்புள்ளி வைத்து அடித்தால் மற்ற குப்பையெல்லாம் மறைந்து இவை மட்டும் நிற்கும். ஒன்றும் வரவில்லை என்றால் அந்த மாதத்துக்கு வேலை முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகாது. மெஷினில் ஏடு நிரம்பியதும் பழைய வரிகள் தாமாகவே அழிந்து புதியவை எழுதப்படும். அதற்கென்று ஒதுக்கியிருக்கும் இடம் சாதாரணமாக 20 எம்.பி.தான்; வேண்டுமானால் அதே வலது பக்கத்தில் ப்ராப்பர்டீஸ் என்பதில் போய் அதிகமாக்கிக்கொள்ளலாம்.

மெஷினை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன், அது ஓடும் நிலையில் இருந்தால், சேவ் ஆல் ஈவென்ட்ஸ் ஆஸ் என்பதை அழுத்தி சிஸ்டம் ஏட்டை ஒரு பென் டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டால் பழைய ஏடு அதோடு போய்விடும். பிறகு என்ன பழுது இருந்தது, எதை மாற்றினார்கள், மாற்ற வேண்டியதுதானா என்று கேட்க நம்மிடம் எந்தச் சாட்சியும் இருக்காது. சேமித்த கோப்பை வேறு எந்த விண்டோஸ் மெஷினிலும் இருமுறை கிளிக் செய்து திறந்து, இன்னொரு சர்வீஸ் இன்ஜினியரிடமும் காட்டிக் கேட்கலாம்.